தாய்லாந்தின் சமகாலக் கலையில் பௌத்தம் எங்கே இருக்கிறது?

சியாங் ராயின் வெள்ளைக் கோயிலைப் படங்களில் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: தாய்லாந்தின் இன்றைய கலைஞர்கள் புத்தரின் போதனையிலிருந்து உண்மையிலேயே எதையாவது எடுத்துக்கொள்கிறார்களா, அல்லது தாமரை, தூபி, தங்க இலை ஆகியவற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்கும் கலைச் சந்தைக்கும் ஏற்றபடி அடுக்கித் தருகிறார்களா? இரண்டும் நடக்கின்றன. ஆனால் புத்தரின் உருவம் அதிகமாகத் தென்படும் இடத்தில்தான் போதனையும் மிகுதியாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகிறவர் ஏமாறுவார். கடந்த நாற்பது ஆண்டுகளில் அந்நாட்டில் உருவானவற்றுள் நான் ஆழமானவை என்று கருதும் படைப்புகள் பலவற்றில் புத்தரின் முகமே கிடையாது. அவற்றில் போதனை செய்முறைக்குள்ளும், பார்வையாளரின் மூச்சுக்குள்ளும், நாள் தவறாமல் செய்யப்படும் ஒரு வேலைக்குள்ளும் புகுந்திருக்கிறது. இதை விளக்கக் கோயில் சுவரிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

தாய்லாந்துக் கோயில்களில் துறவுச் சடங்கு நடக்கும் மண்டபத்தின் சுவர்களுக்கு ஒரு நீண்ட மரபு உண்டு. பிரதான புத்தர் சிலைக்குப் பின்புறம் மூவுலகங்களின் அமைப்பு, சிலைக்கு எதிரே வாயிலுக்கு மேலுள்ள சுவரில், ஆசையைத் தூண்டித் தடுக்க வந்த மாரனைப் புத்தர் வென்ற காட்சி, பக்கச் சுவர்களில் புத்தரின் வாழ்க்கையும் அவருடைய முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும், அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாகக் கைகூப்பிய தேவர்கள் என்பது பொதுவான ஒழுங்கு. இறுக்கமான சட்டகம் போலத் தோன்றினாலும் ஓவியர்கள் அதற்குள் தம் காலத்தை நுழைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுவில், நான்காம் ராமா எனப்படும் மோங்குட் மன்னரின் ஆதரவில் வேலை செய்த குருவா இன் கோங் என்ற பிக்கு, பாங்காக்கின் வாட் பவோன்னிவேட் கோயிலில் ஐரோப்பிய மாளிகைகளையும் கப்பல்களையும் தொப்பியணிந்த வெள்ளையர்களையும் தொலைவிலுள்ளவை சிறிதாகத் தெரியும் மேலைநாட்டு முறையில் வரைந்து, அவற்றைத் தம்மத்தின், அதாவது புத்தரின் போதனையின், உருவகங்களாக ஆக்கினார். மருத்துவர் புத்தர், மருந்து தம்மம், குணமடைந்தவர்கள் சங்கத்தார் என்பது அவ்வகை உருவகங்களில் ஒன்று. அவர் ஐரோப்பாவைக் கண்ணால் கண்டதே இல்லை. கைக்கு வந்த அச்சுப் படங்களைக் கொண்டே இவ்வளவையும் செய்தார். ஆகவே இன்றைய கோயில் ஓவியத்தில் சூப்பர்மேன் வந்துவிட்டதே என்று அதிர்ச்சியடைகிறவர்கள், அந்த மரபின் உள்ளே எப்போதும் இருந்து வந்த துணிச்சலைக் கவனிக்கத் தவறுகிறார்கள்.

அந்தச் சூப்பர்மேனை வரையச் செய்தவர் சலேம்சாய் கோசித்பிபட். 1955இல் சியாங் ராயில் பிறந்த இவர், இத்தாலியச் சிற்பி கொராடோ ஃபெரோச்சியின் முயற்சியால் 1943இல் பல்கலைக்கழகமான சில்பகோர்னில், 1970களில் தொடங்கப்பட்ட தாய்லாந்துக் கலைத் துறையின் முதல் மாணவர்களில் ஒருவர். மேற்கத்திய நவீனக் கலையைப் படித்த ஒரு தலைமுறை, சுவரோவியத்தைப் பழைய பொருளாக ஒதுக்காமல் மீண்டும் கையில் எடுக்க அத்துறையே வழிவகுத்தது. 1984 முதல் 1992 வரை சலேம்சாயும் பன்யா விஜிந்தனசானும் வேறு இளைஞர்களும் லண்டனின் விம்பிள்டன் பகுதியிலுள்ள வாட் புத்தபதீப கோயிலில் வரைந்தபோது, கூட்டத்துக்குள் மார்கரெட் தாட்சரும் ரொனால்ட் ரீகனும் இடம்பெற்றார்கள். 1997இல் சலேம்சாய் தம் சொந்த ஊரில் வாட் ரோங் குன் என்ற வெள்ளைக் கோயிலைக் கட்டத் தொடங்கினார். நுழைவுப் பாலத்துக்கு முன் பள்ளத்திலிருந்து நூற்றுக்கணக்கான கைகள் மேலெழுந்து எதையோ யாசிக்கின்றன; அவை ஓயாத ஆசையைக் குறிக்கின்றன. உள்ளே, எரியும் நியூயார்க் இரட்டைக் கோபுரங்களும் திரைப்பட நாயகர்களும் நிறைந்த நம் காலத்து மார உலகம் விரிகிறது. பெருந்தொகை தருபவர் கோயிலின் போக்கைத் தீர்மானிக்கக் கூடாது என்பதற்காக ஒருவரிடமிருந்து 10,000 பாட் (தாய்லாந்து நாணயம்) தொகைக்கு மேல் நன்கொடை வாங்குவதில்லை என்ற கட்டுப்பாட்டையும் அவர் வைத்திருக்கிறார்.

அவருடைய கைத்திறனிலும் உழைப்பிலும் எனக்கு ஐயமில்லை. 2014 மே மாத நிலநடுக்கத்தில் கோயில் சேதமடைந்தபோது முதலில் மனமுடைந்தாலும், பின்னர் மீண்டும் கட்ட முன்வந்த உறுதியையும் மதிக்கிறேன். ஆயினும் வெள்ளைக் கோயில் போதனையைப் படம்போட்டு விளக்கும் கலை என்பதே என் கருத்து. ஆசை தீது என்று சொல்கிறது. நாம் தலையசைத்துப் படமெடுத்துக்கொண்டு வெளியேறுகிறோம். அதே ஊரின் மறுபுறத்தில், தவான் டட்சனி (1939–2014) தம் வாழ்நாளில் எழுப்பிய பான் டாம் என்ற கறுப்பு வீட்டு வளாகம் கொம்புகளும் தோல்களும் எலும்புகளும் இருண்ட மரக் கட்டடங்களுமாக நிற்கிறது. ஆம்ஸ்டர்டாமில் பயின்று திரும்பிய தவான், மனித உடலில் விலங்கின் தசைநார்களைப் பின்னி வரைந்த பௌத்த ஓவியங்கள் மதத்தை அவமதிப்பதாகக் கருதி, 1971இல் பாங்காக்கில் நடந்த கண்காட்சியில் மாணவர்கள் அவற்றைக் கிழித்தார்கள். 2001இல் அவரே தேசியக் கலைஞராக அறிவிக்கப்பட்டார். அவரிடம் மிருக இச்சையின் மீது ஓர் ஈர்ப்பு எப்போதும் இருக்கிறது. போதனைக்கு அது இடைஞ்சலா, அல்லது போதனை தொடங்கவேண்டிய இடமே அதுதானா என்பதை அவருடைய ஓவியங்கள் தீர்த்துவைப்பதில்லை. சலேம்சாயைவிட அவரை நான் அதிகம் விரும்புவதற்கு அதுவே காரணம்.

கலைக் கல்லூரிக்கு வெளியிலிருந்து வந்த இன்னொரு செல்வாக்கைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் முழுமை பெறாது. தென் தாய்லாந்தின் சாயா ஊருக்கு அருகே 1932இல் சுவான் மோக் என்ற வன ஆசிரமத்தை நிறுவிய புத்ததாச பிக்கு (1906–1993), சடங்கையும் புண்ணியக் கணக்கையும் விலக்கி, 'நான், எனது' என்ற பற்று நீங்கிய வெறுமை மனத்தையே போதனையின் மையமாகக் கொண்டார். மக்களுக்குக் கேளிக்கை வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தத் தேவைக்கு ஈடாக ஆன்மிக அரங்கு ஒன்றைக் கட்டினார். அதன் உட்சுவர்களில் பிறவிச் சுழலைக் காட்டும் திபெத்தியப் பவச்சக்கரமும், ஜென் சித்திரங்களும், ஈசாப் கதைகளும், தாய்லாந்தில் அலைந்து திரிந்த அமெரிக்க ஜென் ஓவியர் ஒருவரின் படைப்புகளும் பேதமின்றி அடுத்தடுத்து இடம்பெற்றுள்ளன. வெளிச்சுவரிலோ பார்ஹுத், சாஞ்சி, அமராவதி புடைப்புச் சிற்பங்களின் நகல்கள். புத்தருக்கு உருவம் கொடுக்காமல், வெற்று இருக்கையையும் போதி மரத்தையும் சக்கரத்தையும் பாதச் சுவட்டையும் மட்டும் செதுக்கிய அந்தத் தொன்மையான இந்தியக் கலையை அவர் தேர்ந்தெடுத்தது தற்செயல் அன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களின் முன் நின்றவர்களுக்கு, அந்த வெற்று இருக்கையின் ஆற்றல் தெரிந்திருக்கும். உருவத்தை விட்டுவிட்டுப் போதனையை எப்படிக் காட்டுவது என்பதே பிற்காலத் தாய்லாந்துக் கலைஞர்களின் முதன்மையான கேள்வியாகவும் ஆயிற்று.

அதற்கு மிக முழுமையான விடை தந்தவர் மொந்தியென் பூன்மா. 1953இல் பிறந்து 2000இல் 47 வயதில் இறந்துபோன இவர், சில்பகோர்னிலும் பின்னர் பாரிசிலும் படித்தவர். 1980களின் இறுதியில் வைக்கோல், அரிசிச் சாக்கு, எருமைக் கொம்பு, மண் போன்ற கிராமத்துப் பொருள்களைக் கொண்டு சிற்பங்கள் அமைத்தார். 1992இன் 'தாமரை ஒலி'யில் சுடுமண் மணிகளை வளைந்த சுவராக அடுக்கி, அதன் எதிரே பொன்பூசிய தாமரை இதழ்களை மிதக்கவிட்டார். அடிப்பார் இல்லாத அந்த மணிகள் சற்றுத் தள்ளினாலும் சரிந்துவிடும் போல அடுக்கப்பட்டிருப்பதால், எதிரே நிற்பவர் தம்மையறியாமல் உடலை ஒடுக்கிக்கொண்டு அசையாமல் நிற்கிறார். நிலையின்மையைப் பற்றி ஒரு சொல்லும் அங்கே எழுதப்படவில்லை. நம் தசைகள் அதை உணர்கின்றன.

அவருடைய மனைவிக்கு மார்பகப் புற்றுநோய் கண்டு, 1994இல் அந்த மனைவி இறந்தார். அந்த ஆண்டுகளில் மொந்தியென் கோயில் கோயிலாகச் சென்றார், தியானம் பயின்றார், மூலிகைகளைப் பற்றித் தேடினார். அதிலிருந்து பிறந்த வரிசைக்கு அவர் ஆரோக்கியசாலை என்று பெயரிட்டார். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் கம்போடியாவை ஆண்ட கெமர் மன்னன் ஏழாம் ஜெயவர்மன் தன் நாடெங்கும் 102 மருத்துவசாலைகளை நிறுவினான் என்று தா ப்ரோம் கல்வெட்டு சொல்கிறது. அவற்றுடன் இணைந்த சிற்றாலயங்களின் இடிபாடுகள் இன்றைய வடகிழக்குத் தாய்லாந்தில் பல ஊர்களில் நிற்கின்றன. நோய்க்கு மருந்தும் மனத்துக்கு வழிபாடும் ஒரே வளாகத்தில் கிடைத்த அந்தப் பழைய ஏற்பாட்டை மொந்தியென் தம் கலைக்கு எடுத்துக்கொண்டார். 1995இல் செய்த ஒன்றில், துளைகளிட்ட உலோகப் பெட்டிகளைத் தூபி போல மேல்நோக்கிக் குவியும் கூண்டாக அடுக்கி, மூலிகை பூசிய நுரையீரல் வடிவம் ஒன்றை உள்ளே தொங்கவிட்டார். அதன் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்க்கும்போது நாம் உள்ளிழுப்பது மருந்தின் வாசம். மூச்சைக் கவனித்தல் என்பது தாய்லாந்தில் வழங்கும் பௌத்தப் பிரிவான தேரவாதத்தின் பயிற்சிகளில் மிக அடிப்படையானது. இங்கே வாசனையின் வழியாக, எந்தக் கட்டளையும் இல்லாமல், பார்வையாளர் தம் மூச்சைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார்.

இதைவிடவும் துணிச்சலானது 1998ஐ ஒட்டி அவர் செய்த 'உருகும் வெறுமை'. புத்தர் தலையை வார்ப்பதற்கான அச்சுகளை, வார்ப்புப் பட்டறையில் இருப்பதுபோல் கம்பிக் கால்களின் மேல் நிறுத்தி, பார்வையாளர் குனிந்து அடியில் நுழைந்து தம் தலையை அச்சின் உள்ளே கொண்டுபோய் வைத்துக்கொள்ளும்படி அமைத்தார். வெளியிலிருந்து பார்த்தால் கரடுமுரடான பட்டறைச் சாமான். உள்ளே புத்தரின் முகம் குழிவாக, உள்வெளி மாறி, மூலிகை மணத்தோடு நம்மைச் சூழ்கிறது. வணங்குவதற்குரிய பொருளாக எதிரே இருக்க வேண்டிய உருவம் இங்கே வெற்றிடமாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தை நிரப்புவது பார்வையாளரின் தலையும் அதற்குள் ஓடும் எண்ணங்களும். புத்ததாசர் பேசிய வெறுமை மனம் கலைப் பொருளாக மாறினால் இதைவிடப் பொருத்தமாக இருக்க முடியாது என்று நினைக்கிறேன். 2003இல் நியூயார்க்கின் ஆசியா சொசைட்டி அவருடைய படைப்புகளுக்கு 'மனத்தின் கோயில்' என்ற பெரிய கண்காட்சி நடத்தியது. 2005 வெனிஸ் ஈராண்டு விழாவில், இறந்து ஐந்தாண்டு கடந்த அவருக்குத் தாய்லாந்து அரங்கில் இடம் கிடைத்தது.

மொந்தியெனிடம் பொருள் பேசுகிறது என்றால், கமின் லெர்ட்சாய்ப்ரசெர்ட்டிடம் ஒழுங்குமுறை பேசுகிறது. 1964இல் பிறந்த கமின், நாளொன்றுக்கு ஒரு சிறு உருவம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்பவர். 1993இல் தொடங்கிய 'பிரச்சினை–ஞானம்' தொகுதிக்கு அன்றாட நாளிதழ்ச் செய்திகளை எடுத்து, அந்தத் தாளையே கூழாக்கிச் சிற்பமாக்கினார். 2004–06இல் செய்த 'அமர்தல் (பணம்)' தொகுதிக்குத் தாய்லாந்து வங்கி கழித்துத் துண்டாக்கிய பழைய நோட்டுகளே மூலப்பொருள். ஓராண்டுக்குரிய 366 உருவங்கள். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றுள் சில சாதாரணமானவை, சில வேடிக்கையானவை. ஒவ்வொன்றையும் சிறந்த சிற்பமாக மதிப்பிடப் புகுவது வீண். மதிப்பிட வேண்டியது, உட்கார்ந்து மனத்தைப் பார்த்து, கண்டதை உருவமாக்கி எழுந்துபோகும் செயலை ஒரு மனிதர் நாள்தோறும் செய்திருக்கிறார் என்பதை. 1998இல் இன்னொரு தாய்லாந்துக் கலைஞரான ரிர்க்ரிட் திராவனிஜாவுடன் சேர்ந்து சியாங் மாய் அருகே சன்பதோங்கில் நெல்வயல் வாங்கி 'நிலம்' என்ற கூட்டு முயற்சியை இவர் தொடங்கியதும் இந்தப் போக்கின் தொடர்ச்சியே. வயலும் தியானக் குடிலும் கலைக்கூடமும் அங்கே ஒன்றாயின.

அராயா ராட்ஜம்ரியன்சுக்கைப் பௌத்தக் கலைஞர் என்று அழைக்கலாமா என்பது விவாதத்துக்குரியது. எழுத்தாளருமான இவர் தம் படைப்புகளுக்கு அப்படி ஒரு முத்திரையை எளிதில் ஏற்கிறவர் அல்லர். ஆனால் பௌத்தம் இல்லாத நாட்டில் அவருடைய காணொளிகள் பிறந்திருக்குமா என்பது எனக்கு ஐயம். 1990களின் பிற்பகுதியிலிருந்து அவர் பிணவறைக்குள் சென்று, உரிமை கோரப்படாத பெண்களின் சடலங்களின் அருகே அமர்ந்து, 'இனாவ்' என்ற செவ்வியல் காவியத்தின் காதல் பகுதிகளை வாசித்தார். 2005இன் 'வகுப்பு' காணொளியில், வெள்ளைத் துணி போர்த்திய சடலங்களுக்குக் கரும்பலகையின் முன் நின்று மரணத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறார். ஆசிரியருக்கே உரிய தோரணையோடு கேள்வி கேட்டு, விடைக்காகக் காத்தும் நிற்கிறார். 'சதிபட்டான சுத்த' என்ற பழைய பௌத்தச் சூத்திரம் சுடுகாட்டில் பிணத்தை நோக்கித் தியானிக்கும் ஒன்பது படிகளைச் சொல்கிறது; தாய்லாந்தில் பிக்குகள் பிணத்தையோ அதன் படத்தையோ கண்முன் நிறுத்தித் தியானிக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அந்தத் தியானம் பெரும்பாலும் பெண்ணுடலின் அருவருப்பை ஆண் துறவிக்கு உணர்த்தும் கருவியாகப் பயன்பட்டு வந்திருக்கிறது என்பதை நினைவில் கொண்டால், ஒரு பெண் பெண் சடலத்துக்குக் காதல் கவிதை வாசிப்பது அந்த மரபைத் தலைகீழாக்குகிறது. இறந்தவர்களின் சம்மதமின்றி இதைச் செய்வது சரியா என்று எழுந்த கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. அந்தச் சங்கடம் படைப்பைவிட்டுப் பிரியாமலே நிற்கிறது. மென்மையான நகைச்சுவையும் அவரிடம் உண்டு: 2011இல் எடுத்த ஒன்றில், 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் ஆர்ட்டெமீசியா ஜென்டிலெஸ்கியும் இன்றைய அமெரிக்கக் கலைஞர் ஜெஃப் கூன்ஸும் படைத்த ஓவியங்களின் நகல்களைக் கிராமத்துக் கோயிலில் மாட்ட, ஒரு பிக்கு அவற்றைக் காட்டி ஊராருக்குச் சீலங்களை, அதாவது ஒழுக்க விதிகளை, போதிக்கிறார்.

பெண்களின் இடம் என்பது இந்தக் கலையில் ஓரமான செய்தி அன்று. பெண்களுக்குத் துறவு அளிக்கக் கூடாது என்று 1928இல் சங்கத் தலைமை பிக்குகளுக்கு விதித்த தடை இன்னும் நீங்கவில்லை. வடக்கே பல கோயில்களில் தாதுக்கள் எனப்படும் புனித எச்சங்கள் புதைந்த தூபியின் உட்சுற்றுக்குள் பெண்கள் நுழையக் கூடாது என்ற பலகையை இன்றும் காணலாம். 1961இல் பிறந்த பினாரி சன்பிதக், தாய்மை அனுபவத்துக்குப் பிறகு, மார்பையும் தூபியையும் ஒரே வளைகோட்டில் கொண்டுவந்தார். அதைக் கவிழ்த்தால் பிக்குவின் பிச்சைப் பாத்திரம். எதுவும் கூவிச் சொல்லப்படுவதில்லை, ஆனால் புனிதத்தின் வடிவம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது. சுவரோவியர் பைபூன் சுவன்னகூட் 1982இல் இறந்தபோது அவருடைய குழுவின் தலைமையை ஏற்றவர் அவர் மகள் பாப்தவான். ஆண்களே செய்துவந்த வேலையில் சாரத்தின் மேலேறிக் குழுவை நடத்திய அவர், 1996இல் சிட்னியில் குடியேறி, கற்ற சுவரோவிய மொழியைத் தம் சொந்த வாழ்க்கையைச் சொல்லப் பயன்படுத்தினார்.

இனி, சர்ச்சைகள். 2017ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 67ஆம் பிரிவு தேரவாத பௌத்தத்தை வளர்க்கும் கடமையை அரசுக்கு வைத்திருக்கிறது. மத அவமதிப்பைத் தண்டிக்கும் சட்டமும் இருக்கிறது. இந்தச் சூழலில் போதனையை முன்வைத்து நிறுவனத்தை விமர்சிக்கிறவர்களுக்குக் கஷ்டம் வருவது இயல்பே. சினிமா விளம்பரத் தட்டிகள் எழுதித் தாமாகக் கற்ற பிரதுவாங் எம்ஜரோன், 1973 அக்டோபர் மாணவர் எழுச்சியின் குருதிக்குப் பிறகு, குண்டுகளால் சிதைந்த புத்தர் முகத்தை 'தம்மம், அதம்மம்' என்று வரைந்தார். 2007இல் அனுபோங் சான்தோர்ன், காவித் துணியின் மேலேயே காக்கையின் அலகு கொண்ட பிக்குகளை வரைந்து தேசியக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றபோது, பதக்கத்தைத் திரும்பப் பெறச் சொல்லிப் பிக்குகள் போராடினார்கள். பேராசை கொண்ட துறவி அடுத்த பிறவியில் என்ன ஆவான் என்று கோயிலின் நரகக் காட்சிகள் நூற்றாண்டுகளாகச் சொல்லிவந்ததைத்தான் அவரும் சொன்னார். 2019இல் நாக்கோன் ராச்சசீமாவில் ஒரு மாணவி புத்தரை ஜப்பானியத் தொலைக்காட்சி நாயகன் அல்ட்ராமேனாக வரைந்ததற்குப் பொதுவில் மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. ஆனால் அந்த வரிசையின் ஓர் ஓவியம் ஏலத்தில் 6 லட்சம் பாட் விலைக்குப் போனது. இவர்களோடு ஜக்கை சிரிபுத்ரவையும் சேர்க்க வேண்டும்: தாயத்து வணிகத்தையும் காசுக்குக் கிடைக்கும் புண்ணியத்தையும் துணியிலும் தையலிலும் கேலி செய்தவர், 2004இல் தென் தாய்லாந்தின் தாக் பாயில் ராணுவ லாரிகளுக்குள் மூச்சுத்திணறி இறந்த 78 முஸ்லிம்களுக்காக நினைவுப் படைப்பு ஒன்றும் செய்தார். கருணை பௌத்தர்களோடு நின்றுவிடுமா என்று பெரும்பான்மை மதத்தின் உள்ளிருந்தே கேட்ட கேள்வி அது.

நேரில் பார்க்க விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளைக் கோயிலையும் கறுப்பு வீட்டையும் சியாங் ராயில் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கறுப்பு வீட்டுக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். சியாங் மாய் அருகே 2016இல் திறந்த மாய்ஆம் அருங்காட்சியகம் சமகாலத் தாய்லாந்துக் கலைக்கு நல்ல அறிமுகம். தவானின் பெரிய ஓவியங்களுக்குப் பாங்காக்கின் சமகாலக் கலை அருங்காட்சியகம். பாங்காக் ஈராண்டுக் கலைவிழா நடக்கும் மாதங்களில் சென்றால், வாட் போ, வாட் அருண் போன்ற கோயில்களுக்குள்ளேயே புதிய படைப்புகளைக் காணலாம். 2018 விழாவில் வாட் பிரயூன் கோயிலின் தூபியைச் சுற்றியுள்ள பாதையில் நீனோ சராபுத்ரா ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சிறிய பீங்கான் மண்டையோடுகளைப் பரப்பி, மக்களை வெறுங்காலோடு நடக்கவிட்டார். சுவான் மோக்குக்கு ரயிலில் சாயாவில் இறங்க வேண்டும். ஆன்மிக அரங்கின் உட்சுவர்களைப் பார்க்க ஒரு முழுக் காலை தேவைப்படும். மொந்தியெனின் படைப்புகள் பிரிஸ்பேன், கான்பரா போன்ற இடங்களின் சேகரிப்புகளிலும் இருக்கின்றன. எங்கே காட்சிக்கு வைத்திருந்தாலும், உள்ளே நுழைய அனுமதி உண்டா என்று முதலில் கேளுங்கள். கயிறு கட்டி மறித்திருந்தால் அந்தப் படைப்பில் பாதியைத்தான் பார்க்கிறீர்கள்.